அண்ணலாரின் மூத்த மகளார் ஜைனப் (ரலி)

வயிற்றில் சுமந்த மகவை அது உலகைக் காணுமுன்னரே இழந்த தாய்மார்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். முகமே பாராத பிள்ளைக்கு ஏன் இத்தனை அழுகை என்று அவர்களிடம் கேட்போரும் உள்ளனர். அவ்வாறு கேட்போர் நாயகம் (ஸல்) அவர்களின் மூத்த மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சகோதரி ஹாலாவின் மகன் அபுல் ஆஸுக்கு அவர்களை மணமுடித்து வைத்தார்கள். கணவர் நல்லவர், மனைவியை விலக்கிவிடுமாறு குறைஷியர் வற்புறுத்தியும் இணங்காதவர். ஆயினும் இஸ்லாத்தில் இணையாமல், ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் எதிரணியில் நின்று சிறைப்பட்டார். அவரை மீட்க ஜைனப் (ரலி) அனுப்பிய பொருளில், தாயார் திருமணத்தின்போது அணிவித்த கழுத்தணியும் இருந்தது. அதனைக் கண்ட அண்ணலாரின் உள்ளம் உருகிற்று. தோழர்கள் அணியைத் திருப்பித் தந்து அவரை விடுவித்தனர். மகளாரை மதீனாவுக்கு அனுப்பிவிடுவதாக அவர் வாக்களித்தார், அதனைக் காத்தார்.

கணவரின் சகோதரர் கினானா, ஒட்டகச் சிவிகையில் அவர்களைப் பகலிலேயே அழைத்துச் சென்றார். குறைஷியர் துரத்தி வந்து தீதுவாவில் மறித்தனர். முந்தி வந்த ஹப்பார் பின் அஸ்வத் ஈட்டியை நீட்டி வெருட்டினார். அப்போது அவர்கள் கருவுற்றிருந்தார்கள். அந்த அதிர்ச்சியில் கரு கலைந்தது. கினானா அம்பறாத்தூணியைக் கவிழ்த்து வில்லேந்தி நின்ற பின்னரே கூட்டம் ஒதுங்கிற்று. மக்காவுக்குத் திரும்பிச் சில இரவுகள் கழித்து, ஓசையின்றிப் புறப்பட்டு, வழியில் காத்திருந்த ஜைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். கரு கலைந்த உடல், கணவர் உடனில்லை, தாயார் மறைந்து ஐந்தாண்டுகள், முன்னே நானூறு கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட பாலைவழி!

மதீனாவில் தந்தையாரின் அரவணைப்பு கிடைத்தது. மகள் உமாமாவைப் பாட்டனாராகிய நாயகம் அவர்கள் தோளில் சுமந்தபடியே தொழுகை நடத்தினார்கள். குனியும்போது இறக்கி வைத்து, நிமிரும்போது மீண்டும் தூக்கிக் கொண்டார்கள். இத்தனை அசைவு தொழுகையை முறிக்குமா என்று சட்ட மேதைகள் நெடிது ஆராய்ந்துள்ளனர். அந்த ஆராய்ச்சியைப் பன்முறை பாடம் நடத்திய எனக்கு, அடிபட்ட தாயின் குழந்தையைத் தாங்க இன்னொரு தோளும் இருந்தது என்பதே முதலில் தோன்றுகிறது. அத்தகைய தோள் நம் வீடுகளில் உண்டா?

சில ஆண்டுகளுக்குப் பின் அபுல் ஆஸ் மதீனா வந்து ஜைனப் (ரலி) அவர்களிடம் அடைக்கலம் பெற்றார். பின்பு மக்கா சென்று, பிறர் பொருள்களை உரியவர்களிடம் சேர்த்துவிட்டு, முஸ்லிமாகத் திரும்பினார். குடும்பம் ஒன்றுசேர்ந்தது. உடலின் பாதிப்போ தீரவில்லை. அந்நோவே உயிரைக் கொண்டு சென்றதாக வரலாற்றாசிரியர் பலர் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் அவர்கள் வபாத்தானார்கள். மய்யித்தை இலந்தை இலை கலந்த நீரால் குளிப்பாட்டிக் கர்ப்பூரம் இடும்படி பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணலார், உடலோடு ஒட்டி இருக்கும்படி தம் கீழாடையையே கபனுக்காகக் கழற்றித் தந்தார்கள்.

அதே ஆண்டில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கண்ட இடத்தில் கொல்லப்பட வேண்டியவராக அறிவிக்கப்பட்டிருந்த ஹப்பார், பின்னர் தாமே வந்து கலிமா மொழிந்தார், அண்ணலார் மன்னித்தார்கள். இதனைச் சொல்லிக் காட்டி, நொந்து கிடக்கும் பெண்ணிடம் உடனே மறந்து மன்னித்துவிடச் சொல்வது முறையன்று. ஜைனப் (ரலி) அவர்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை; அவர்கள் அப்போது மண்ணறையில் இருந்தார்கள்.

மகன் அலீ இளமையிலேயே மறைந்தார். உமாமா வளர்ந்து, சிற்றன்னை பாத்திமா (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் அலீ (ரலி) அவர்களின் துணைவியானார்.