ஆர்தர் ஆண்டர்ஸன் வரலாறு



அரசர் வரலாறும் வீரர் வரலாறும் புலவர் வரலாறும் எழுதுவார் பலர். கணக்கர் ஒருவரின் வரலாற்றை எழுதுவார் மிகச் சிலரே. ஆயினும், ஒரு குடும்பமோ கடையோ சங்கமோ நிலைபெற்று வாழ்வது அதன் ஏட்டில் எழுதப்படும் கணக்கின் மெய்ம்மையைப் பற்றியே என்பதை ஆய்ந்துணர்ந்தார், கணக்கரின் தொழிலை எளிதென எண்ணார். ஆதலின், அமெரிக்க தேசத்துச் சிகாகோ நகரில் வாழ்ந்து, நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் கணக்கியல் துறைக்குத் தலைவராய் விளங்கி, அக்கலாசாலையிலேயே பட்டமும் பெற்ற ஆர்தர் ஆண்டர்ஸன் என்னும் பெரியாரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு, சிறப்பாக வணிகக் கல்வி பயிலும் நம் இளைஞர்களுக்கு, ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஆண்டர்ஸன் 1885-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இல்லினாய்ஸ் மாகாணத்துப் பிளேனோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர்தம் பெற்றோர் நார்வே தேசத்தினின்று கடல் கடந்து குடியேறியவர், செல்வமில்லாதவர், மக்கட்பேறு மிக உடையவர். எண்ணமும் சொல்லும் கோணாது நேர்வழியிற் செல்லுதல் வேண்டும் என்பது தாயார் தம் தாய்மொழியில் மைந்தர்க்கு ஊட்டிய பாடமாம். அப்பாடம் ஒன்றே ஆண்டர்ஸன் பெற்ற பிதிரார்ஜிதம் என்னலாம். ஏனெனில், பதினாறாம் வயதளவிலேயே அவர் தாய் தந்தையரை இழந்து தனித்து நின்றார்.

ஆதரவற்ற அவ்விளைஞர் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றிற் கடிதங்களைக் கொண்டு கொடுக்கும் பையனாய் அமர்ந்தார். பகலில் ஊழியமும் இரவிற் கல்வியுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. அவர்தம் ஊக்கத்தையும் எண்ணறிவையும் கண்ட மேலோர், அவரைக் கணக்கு மேலதிகாரிக்கு உதவியாளராக உயர்த்தினர். 1907-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரில் தோன்றி அமெரிக்காவிலும் கிளை பரப்பியிருந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்குப் பரிசோதகர் நிலையத்தில் அவர் சேர்ந்தார்.

கணக்குப் பரிசோதகர் ஆவார் யாவர்? ஒரு கம்பெனியின் முதல் இட்டவர் பலர்; அதனை நடத்துவோர் சிலர். அச்சிலர் காட்டும் வரவு செலவும் ஐந்தொகையும் உண்மையோ என்று, தொடர்பில்லாத ஒருவர் ஆராய்ந்து சான்று கூறுதல் வேண்டும். அச்சான்றை நம்பியே பொருளுடையார் பங்கு வாங்குவர். வங்கியார் கடன் கொடுப்பர். இத்தொழிற்கு உரியார் இன்னாரென வரையறுக்கும் சட்டம் அமெரிக்காவில் முதன்முதலாக நியூயார்க் மாகாணத்தில் 1896-லும், இல்லினாய்ஸ் மாகாணத்தில் 1903-லும் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் நடந்த பரீட்சையில் 1908-ஆம் ஆண்டு ஆண்டர்ஸன் தேறினார். அப்போது அவர்க்கு வயது 23. அம்மாகாணத்தில் அத்தகுதி பெற்றாருள் அவரே மிக இளையவர்.

அதே 1908-ஆம் ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார் சிகாகோ நகரில் வணிகக் கல்விக்கென ஒரு மாலைநேரப் பள்ளியைத் தொடங்கினர். பகலெல்லாம் கடைகளிலும் காரியாலயங்களிலும் உழைப்போர் அந்தியில் வந்து பயிலுதற்பொருட்டு அது நிறுவப்பட்டது. இரவிற் கற்று உயர்ந்த ஆண்டர்ஸனுக்கு அப்பள்ளியே ஏற்ற இடமாயிற்று. 1909 முதல் அவர் அங்குப் பாடம் சொல்லலானார். 1911-ல் மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் கம்பெனியிற் கணக்கு மேலதிகாரியாகிய பின்னரும் ஆசிரியத் தொழிலின்மேல் அவர் வைத்த பற்று நீங்கிற்றில்லை. 1912-ல் அச்சர்வகலாசாலையின் கணக்கியல் துறைக்குத் தலைவரானார், 1915-ல் பேராசிரியரானார். வியப்பு யாதெனின், தாம் துறைத்தலைவராயிருந்தும் பட்டமில்லாத குறையை அவர் மறைத்திலர்; 1917-ஆம் ஆண்டில் அக்கலாசாலையிலேயே வணிகவியற் பட்டம் பெற்றார். ஆசிரியர் என்னும் பெயர் வந்தபின் மாணாக்கராயிருத்தற்கு நாணுவார் பலர் வாழும் உலகில் இஃது அரிய செயலன்றோ!

பற்றெழுதி வரவெழுதிக் கூட்டிக் கழித்தல் மாத்திரம் கணக்கியலாகாது என்பது அவர் கொள்கை. ஏட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னே நிகழ்ந்த செயல் யாது, அச்செயலால் தொழில் வளர்ந்ததோ தளர்ந்ததோ என வினவும் பழக்கத்தை மாணாக்கர்க்கு அவர் உண்டாக்கினார். பாடங்களையும் தாமே வகுத்தெழுதினார்.

1913-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கிளாரன்ஸ் டிலேனி என்னும் நண்பருடன் கூடி, உரிமையாளர் இறந்தமையால் விலைக்கு வந்த சிறு கணக்குப் பரிசோதனை நிலையம் ஒன்றை 4,000 டாலர் கொடுத்து ஆண்டர்ஸன் வாங்கினார். அமெரிக்காவில் வருமான வரி நிலைபெற்றதும் அவ்வாண்டிலேயாம்; அதனாற் கணக்கறிந்தார்க்கு வேலை பெருகிற்று. எனினும், புதிய நிலையத்தின் நிலை தொடக்கத்தில் இடர்ப்பாடுடையதாகவே இருந்தது. ஊழியர்க்குச் சம்பளம் கொடுத்தற்கும் பொருள் முட்டிய அந்நாளிலேதான், அவர்தம் உள்ளத்தின் உறுதியைச் சோதிப்பதாகிய நிகழ்ச்சி நேர்ந்தது.

சிகாகோவைச் சார்ந்த இரயில்வே கம்பெனி ஒன்று அந்நிலையத்திற்கு வாய்த்த பெரிய வாடிக்கையாளருள் ஒன்று. அதன் தலைவர் தம் கம்பெனியின் செலவைக் குறைத்து, இலாபத்தை மிகுத்துக் காட்டும் வகையில் எழுதப்பட்ட கணக்கிற்குச் சான்றுக் கையொப்பம் வேண்டினார். ஓராண்டிற்கு உரிய செலவை அவ்வாண்டிற் காட்டாதுவிடின், ஏட்டில் இலாபம் தோன்றும். பெட்டியிற் பணம் தோன்றாது. பங்கு வாங்குவார் ஏட்டையே கண்டு ஏமாறுவர். இதனை உணர்ந்த ஆண்டர்ஸன் கையொப்பமிட மறுத்தார். தலைவர் வெகுண்டு நேரிலே வந்து வற்புறுத்தினார். சிகாகோ நகரத்துச் செல்வம் முழுவதையும் கொடுப்பினும் தம் கருத்து மாறாதென இருபத்தெட்டு வயதே நிரம்பிய அவ்விளைஞர் விடையிறுத்ததாகக் கூறுவர். வாடிக்கையாளர் போயினர், வருவாயும் போயிற்று. சில மாதங்களில் அந்த இரயில்வே கம்பெனியே திவாலாயிற்று. அன்று ஒப்பமிட்டிருந்தால், ஆண்டர்ஸனது பெயரும் அதனோடு அழிந்திருக்கும்.

மற்றுமொரு நிகழ்ச்சி 1915-ஆம் ஆண்டினது. சரக்கேற்றும் கப்பற் கம்பெனி ஒன்று பொதுமக்களிடம் கடன் பெற முயன்றது. அதன் ஐந்தொகை 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிக்கப்பட்டிருந்தது. பின்னர், 1915 பிப்ரவரியில் அதன் கப்பலொன்று மிச்சிகன் ஏரியில் மூழ்கிற்று. ஐந்தொகை முடிந்த நாளிற் கப்பல் மிதந்துகொண்டுதானே இருந்தது? ஆதலின் எழுதப்பட்ட கணக்கிற் பிழையில்லை என்று வாதிப்பார்க்கு இடமுண்டு. ஆண்டர்ஸன் அவ்வாதத்தை ஏற்றிலர். கடன் கொடுக்கப் போவார்க்கு அக்கப்பல் போயின செய்தி இன்றியமையாதது. அதனை மறைத்துவிட்டு எண்ணின் மெய்ம்மையைப் பேசுதல் வஞ்சமாகும் எனக் கருதி, இழப்பை வெளிப்படுத்துமாறு வற்புறுத்தினார். முடிவுநாளுக்குப் பின் நிகழ்ந்த பெருநிகழ்ச்சிகளையும் கணக்கறிக்கையில் அறிவித்தல் வேண்டும் என்பது இக்காலத்தில் எங்கும் விதியாக வழங்குகின்றது. அவ்விதி வருமுன்னரே அவர் அங்ஙனம் ஒழுகினார்.

1918-ல் டிலேனி பிரிந்து போகவே, நிலையம் ஆண்டர்ஸன் பெயர் ஒன்றையே தாங்கலாயிற்று. தொழில் பெருகினமையால், 1922-ல் பேராசிரியர் பதவியை விட்டார். ஆயினும் கலாசாலையோடு அவர்க்கிருந்த தொடர்பு அறவில்லை. கலாசாலைகளினின்று வெளிவரும் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, தம் செலவிலேயே பயிற்றுவித்து ஆளாக்கினார். எந்த ஊர்க் கிளையாயினும், வேலைமுறை ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என வகுத்தார். 1930 முதல் 1932 வரை நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் தர்மகர்த்தர் சபைக்குத் தலைவராயும் வீற்றிருந்தார். கடிதம் சுமந்த பையன் கலாசாலையை ஆளும் சபைக்குத் தலைவரான அருமையை நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

1932-ல் சாமுவேல் இன்சல் என்பாரது மின்சாரக் கம்பெனிகளின் பெருங்கூட்டம் சரிந்து, பல்லாயிரவர் கைப்பொருளை இழந்தனர். அக்கம்பெனிகளின் வரவு செலவை மேற்பார்த்து ஒழுங்கு செய்தற்குக் கடன் கொடுத்த வங்கியார் ஆண்டர்ஸன் நிலையத்தையே நாடினர். சார்பற்றவர் என்னும் நற்பெயரே அவரை அப்பணிக்கு உரியராக்கிற்று. இங்ஙனம் வாழ்ந்த அவர், 1947-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ஆம் நாள் தம் 61-ஆம் வயதிற் காலமானார். 1953-ல் ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையின் கணக்கியற் புகழவையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

வரலாறு இத்துடன் முடியுமாயின், இன்பமாகவே முடியும். ஆயின், அவர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், அவர் பெயர்க்குப் பெரும்பழி நேர்ந்தது. அதனையும் கூறாது விடுதல், மூழ்கிய கப்பலை மறைத்ததாகும்.

ஆண்டர்ஸன் நிலையம் உலகெங்கும் பரவி, 85,000 பேர் ஊழியம் செய்யும் பெருநிலையமாயிற்று. கணக்கை ஆராய்தலோடு, தொழில் நடத்தும் வழிகளைக் கூறும் ஆலோசனைத் தொழிலையும் அது மேற்கொண்டது. அவ்வாலோசனைப் பிரிவு 2000-ஆம் ஆண்டிற் பிரிந்து, அக்செஞ்சர் என்னும் புதுப்பெயர் பூண்டது. சென்னையிலும் பெங்களூரிலும் நம்மவர் பலர் ஊழியம் செய்யும் கம்பெனி அதுவே. எஞ்சிய நிலையத்தார் ஹூஸ்டன் நகரத்து என்ரான் கம்பெனிக்குக் கணக்குப் பரிசோதகராயிருந்தனர். 2000-ஆம் ஆண்டில் என்ரானிடமிருந்து பரிசோதனைக்காக 25 மில்லியன் டாலரும், ஆலோசனை முதலிய பிற பணிகளுக்காக 27 மில்லியன் டாலரும் அவர்கள் பெற்றனர். ஆராயப்படுவோரே அள்ளிக் கொடுப்போராயினமையின், மறுத்துரைக்கும் நா தளர்ந்தது. என்ரான் தன் கடன்களைத் துணைக் கம்பெனிகளின் பெயரால் மறைத்துவைத்து, 2001 டிசம்பரில் திவாலாயிற்று. அதற்கு முன்னரே ஹூஸ்டன் கிளையார் என்ரானைப் பற்றிய கடிதங்களையும் குறிப்புகளையும் பொறியிலிட்டுக் கிழித்தழித்தனர். 2002 ஜூன் மாதத்தில் நிலையம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஆகஸ்டு இறுதியில் பரிசோதனை உரிமத்தையும் இழந்தது. 2005 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜூரிகளுக்குக் கூறிய விளக்கம் பிழையுடையதென ஒருமுகமாக அத்தீர்ப்பைத் தள்ளிற்று. ஆயினும், கலைந்த நிலையம் மீளவில்லை. குற்றத்தில் யாதொரு தொடர்புமில்லாத பல்லாயிரம் குடும்பங்களும் வேலையிழந்து வாடின.

அன்பர்களே! அன்று ஒரு வாடிக்கையாளரை இழக்கத் துணிந்தமையால் நிலையம் வளர்ந்தது. பின்னாளில் ஒரு வாடிக்கையாளரை இழக்க அஞ்சியமையால் நிலையமே அழிந்தது. கட்டினவர் ஒருவர், அழித்தவர் வேறு சிலர், பெயரோ ஒன்றே. முன்னோர் ஈட்டிய நற்பெயர் வங்கியிலிட்ட முதல் போன்றதன்று. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் புதிதாக ஈட்டவேண்டிய பொருளாகும்.

நம் இல்லங்களில் வணிகவியல் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் பட்டம் பெற்று, கணக்கராகவும் ஆடிட்டராகவும் அமருங்கால், வேண்டியவர் ஒருவர் வந்து சிறு கையொப்பம் கேட்கும் நாள் ஒன்று உறுதியாக வரும். அன்று மறுத்தற்கு வேண்டிய வலிமையை இன்றே அவர்க்கு ஊட்டுதல் பெற்றோர் கடன். அதுபோலவே, நம் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுங்கால், ஐயமுற்றவர் எழுந்து வினவுவாராக. விடை கூறுவோர் சினவாது ஏட்டைத் திறந்து காட்டுவாராக. வினவுதல் பகையாகாது, சங்கத்தின்மேல் வைத்த அன்பேயாகும். கல்வி நிதிக்குக் காசளிக்கும் எளியவர், ஏட்டைத் தாம் படித்தறியாராயினும், அதனை எழுதும் கையை நம்பியே அளிக்கின்றனர். அந்நம்பிக்கையைக் காத்தல் நம் அனைவர்க்கும் பொதுவாகிய கடமையாம்.

சுபம்.