பிடி அரிசிப் பள்ளியில் பயின்ற முதலமைச்சர்



ஆண்டறிக்கை மலருக்காகச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் ஆண்டுதோறும் என்னைப் பணிப்பது வழக்கம். சென்ற ஆண்டுகளில் இமாம்களைப் பற்றியும் இறைநேசர்களைப் பற்றியும் எழுதினேன். இவ்வாண்டு, நம் பகுதிப் பிள்ளைகளின் படிப்பு குறித்து நிர்வாகக் குழுவில் நடந்த நீண்ட ஆலோசனையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பெருந்தலைவர் காமராஜரைப் பற்றி எழுதுவதே பொருத்தமென்று என் உள்ளத்தில் பட்டது. அன்னாரைப் பற்றித் திசையன்விளை வட்டாரத்தில் அறியாதவர் எவருமில்லை. எனினும் அவருடைய எளிமையைப் பற்றி நாம் அறிந்த அளவுக்கு, ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும் பொறுப்பை அரசுக்கும் ஊருக்கும் வீட்டுக்கும் அவர் எவ்வாறு பங்கிட்டுக் கொடுத்தார் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை என்பது என் எண்ணம்.

காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தையார் குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மையார். நாகம்மாள் என்றொரு தங்கை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் தம் நகைகளை விற்று, அப்பணத்தை வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்து, அதிலிருந்து வந்த சிறு வருவாயைக் கொண்டு இரு பிள்ளைகளையும் வளர்த்தார்.

அன்னார் பயின்றது விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி. இப்பள்ளியின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகர் நாடார் உறவின்முறையினர் தொடங்கிய பள்ளி அது. உறவின்முறை என்பது ஏறத்தாழ நம் ஜமாஅத்தைப் போன்ற அமைப்பே. வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்னும் பெயரில் பொது நிதிக்குச் செலுத்தி வந்தனர். அத்தோடு, ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது சேர்க்கப்பட்டுப் பள்ளிக்குப் போய்ச் சேரும். இதனால் அதனைப் பிடி அரிசிப் பள்ளி என்றே மக்கள் வழங்கினர். ஏழைப் பிள்ளைகள் அங்கே கட்டணமின்றிப் படித்தனர். தந்தையற்ற சிறுவன் காமராஜுக்குக் கிடைத்த எழுத்தறிவு, ஊரார் வீட்டுப் பெண்மணிகளின் கைப்பிடியிலிருந்து வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பிடி அரிசி என்பது நமக்குப் புதிய செய்தியன்று. நான் ஓதிய மதரஸாவிலும் வீடு வீடாகப் பிடி அரிசி சேர்க்கும் வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாக்கோடு செல்லும் மாணவர்களில் நானும் ஒருவன். புழுங்கல் அரிசியும் பச்சரிசியும் கலந்து கிடக்கும். அந்தச் சோற்றின் பதம் ஒவ்வொரு வாரமும் வேறுபடும். ஆனால் எந்த வீட்டில் யார் அரிசி கொடுத்தார் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். எந்தப் பிள்ளை எந்த ஜுஸ்வு ஓதுகிறான் என்பதை அவ்வீட்டாரும் அறிந்திருந்தனர்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் காமராஜர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு விலகினார். வறுமை அவ்வாறு நெருக்கியது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பிறகு மற்றொரு மாமனின் மரக்கடையில் இருப்பதற்காகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போதே அவர் உள்ளம் விடுதலைப் போராட்டத்தின்பால் சென்றுவிட்டது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்புரம் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் பலமுறை சிறை சென்று, மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில்தான் தொடர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். நூல்களையும் நாளிதழ்களையும் தாமே முயன்று படித்து ஆங்கில அறிவையும் பெருக்கிக்கொண்டார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். அரசியல் வரலாற்றின் இடைப்பகுதியை இங்கே நான் விரிக்கவில்லை.

1953ஆம் ஆண்டு, முதலமைச்சராக இருந்த இராஜாஜி அவர்கள் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளில் ஒரு வேளை மட்டும் பள்ளியில் பயில வேண்டும். மறு வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அத்திட்டம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இருப்பதைக் கொண்டு அதிகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் தரப்புக் காரணம். அதனை முற்றிலும் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பனையேறியின் மகன் பனையேறியாகவும் சலவைத் தொழிலாளியின் மகன் சலவைத் தொழிலாளியாகவுமே நிற்க இது வழிசெய்யும் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

கைவிடுவது எளிது. இராஜாஜி முன்வைத்த சிக்கல் அப்படியே இருந்தது. பள்ளி இல்லாத ஊர்கள் ஏராளம். பள்ளி இருந்த ஊர்களிலும் பிள்ளைகள் வரவில்லை. நம் தேரிப் பகுதி முதியவர்களைக் கேட்டால் அதன் காரணத்தைச் சொல்வார்கள். பதநீர்ப் பருவம் வந்தால் குடும்பத்தோடு பனங்காட்டு விடிலிக்குச் சென்றுவிடுவர். தகப்பனார் பனையேற, தாயார் பதநீர் காய்ச்ச, பிள்ளைகள் சுள்ளி பொறுக்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பள்ளிக்கு யார் செல்வது? சேரன்மகாதேவி அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைக் கண்டு காரை நிறுத்திய முதலமைச்சர், பள்ளிக்குப் போகாததன் காரணத்தை வினவியபோது, அங்கே போனால் சோறு கிடைக்குமா என்று ஒருவன் திருப்பிக் கேட்டதாக ஒரு நிகழ்ச்சி நம் மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

பள்ளியில் உணவு வழங்குவது அதற்கு முன்னரும் இருந்ததே. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. காமராஜர் அதனை மாநிலம் முழுமைக்கும் விரிக்க எண்ணினார். அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான இவர், அக்காலத்து நிகழ்ச்சிகளைத் தம் நினைவு அலைகள் என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். முதலமைச்சரும் இயக்குநரும் சேர்ந்து முடிவு செய்த வழி, அரசுக் கருவூலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. முதலில் ஊர்மக்களிடமே சென்றனர். 1956இல், அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எட்டயபுரத்தில், ஊரார் நடத்தும் மதிய உணவைக் காமராஜர் தொடங்கி வைத்தார். இத்திட்டத்திற்காகத் தம் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராகப் பிச்சையெடுக்கவும் தயாராக இருப்பதாக அவர் அறிவித்தார்.

பின்னர் 1957இல் அரசும் பணம் தரத் தொடங்கியது. அப்போது ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டனர். அதில் அரசின் பங்கு ஆறு காசு. ஊரின் பங்கு நான்கு காசு. மதிய உணவை அரசாங்கமே கொடுத்தது என்று எண்ணியிருக்கும் நம்மில் பலருக்கு இச்செய்தி வியப்பளிக்கும். அறுவடைக் களத்தில் நெல்லாகவும், வீட்டில் பிடி அரிசியாகவும், கடையில் பருப்பாகவும், தோட்டத்தில் காய்கறியாகவும் அந்த நான்கு காசு வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் அதனைச் சேர்ப்பதிலும் பரிமாறுவதிலும் பங்கு கொண்டனர். அந்த நான்கு காசையும் அரசே கொடுத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். பணம் போதாது என்பது ஒரு காரணம். ஆனால் வேறொரு பயனும் விளைந்தது. தன் வீட்டு அரிசி பள்ளியில் வேகிறது என்றால், அந்தப் பள்ளியில் ஆசிரியர் வந்தாரா, பிள்ளைகள் வந்தார்களா என்று அவ்வீட்டார் எட்டிப் பார்ப்பர்.

1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதன் அடுத்த படி. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் பட்டியலிடுவர். கரும்பலகை, கடிகாரம், பெஞ்சு, நிலப்படம், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, விளையாட்டிடம் என அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு குறிக்கப்படும். பிறகு அதனை ஊரார்முன் வைப்பர். ஒருவர் கடிகாரத்தை ஏற்பார். ஒருவர் நிலம் எழுதித் தருவார். காசில்லாதவர் சுவர் எழுப்பத் தம் உழைப்பைத் தருவார். வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்திற்குமாகச் சேர்த்து மாநாடு கூட்டி, அமைச்சர்கள் முன்னிலையில் அப்பொருள்கள் ஒப்படைக்கப்படும். முதலமைச்சரும் பல மாநாடுகளுக்கு நேரில் சென்றார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் இவ்வாறே ஊராரிடம் பெறப்பட்டது. கந்தலோடு வரும் பிள்ளை நல்லுடை அணிந்த பிள்ளையின் அருகில் அமரக் கூசுவான். அக்கூச்சமே அவனைப் பள்ளியை விட்டு விரட்டிவிடும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர்.

ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அவ்வரசின் குறிக்கோளாக இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை கட்டணம் நீக்கப்பட்டது. அக்காலத்தில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடியும். மணிமுத்தாறு அணை அவர் ஆட்சியில் கட்டப்பட்டதையும் நம் பகுதியினர் நன்றியோடு நினைவுகூர்வர்.

1963 அக்டோபர் 2ஆம் நாள் தாமாகவே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிக் கட்சிப் பணிக்குச் சென்றார். நேருஜியின் மறைவுக்குப் பின் இருமுறை பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்து நின்றது. 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த ஓர் இளைஞரிடம் தோற்றார். ஊர்தோறும் பள்ளி திறந்தவரை வென்றவர் மாணவர்களிடையே இருந்து வந்தவர் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வருத்தப்படுவதா, அவர் பணி பலித்தது என்று கொள்வதா என எனக்கு இன்னும் விளங்கவில்லை. 1975 அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் வாழ்ந்த வீடு வாடகை வீடு. மறைவுக்குப் பின் 1976இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 2006 முதல் அவருடைய பிறந்தநாள் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1982இல் எம்.ஜி.ஆர். அவர்களின் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. இன்று ஊரார் நான்கு காசு கொடுக்க வேண்டிய தேவையில்லை. அது பெரும் நன்மையே. ஆனால் காசோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும் வழக்கமும் நம்மிடமிருந்து போய்விட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் மஹல்லாவில் எத்தனை தகப்பனார்கள் அக்கூட்டத்திற்குச் சென்றிருக்கிறார்கள்? வெளிநாட்டில் இருப்போரைக் குறை கூறவில்லை. ஊரில் இருப்போரைத்தான் கேட்கிறேன். நிக்காஹ் விருந்துக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு இதற்குத் தெரியாமற்போனது எப்படி? சமுதாயப் பெருமக்கள் கூடியதனால்தான் 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியின் வாயில் வரை பிள்ளையைக் கொண்டு சேர்க்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தாம் நம் வீடுகளில் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன.

இதில் என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாலை மக்தபில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பின் நடுவில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டான். வெளியூரில் உறவினர் ஒருவரின் ஜவுளிக்கடைக்கு அனுப்பப் போவதாக அவன் தகப்பனார் என்னிடம் வந்து துஆ செய்யச் சொன்னார். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆகையால் நான் எதுவும் கேட்கவில்லை. கையேந்தி துஆ செய்து அனுப்பிவிட்டேன். அவனுடைய வகுப்பாசிரியர் இருமுறை அவ்வீட்டுக்கு வந்து சென்றார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவர் என்னையும் சந்தித்திருந்தால், அல்லது நான் அவரைச் சந்தித்திருந்தால், பைத்துல்மாலிலிருந்து ஓர் ஆண்டுக்கு அக்குடும்பத்திற்குத் துணை செய்ய நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கலாம். பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் அரைக் கிலோ மீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கின்றன.

சென்ற பெருநாளைக்கு அவன் ஊர் வந்திருந்தான். தொழுகை முடிந்து முஸாஃபஹா செய்தபோது, உஸ்தாத், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டுமானால் எங்கே கேட்க வேண்டும் என்று தயங்கியபடியே வினவினான். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு அந்த வகுப்பாசிரியரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டு, முன்பு படித்த வகுப்பின் மாற்றுச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். தாயார் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதாக அவன் சொன்னான்.