அகார்-அகாரை ஆய்வுக்கூடத்துக்குத் தந்த ஃபேனி ஹெஸ்ஸ

தீபாவளி விருந்தானாலும் நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பானாலும் மேசையில் வண்ண வண்ணமாக அகார்-அகார் துண்டுகள் இருக்கும். வெயிலில் வைத்தாலும் அது உருகி ஓடுவதில்லை. இந்தச் சாதாரண உண்மைதான் கிருமி ஆராய்ச்சியின் போக்கை மாற்றியது. அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் இல்லத்தரசி.

ஃபேனி 1850-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். அவர்களுடைய அண்டை வீட்டார் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர்கள். கடல்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார்-அகாரைக் கொண்டு பலகாரம் செய்யும் முறையை அவர்களிடமிருந்தே ஃபேனி அறிந்துகொண்டார்.

1874-இல் அவர் ஜெர்மானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸவை மணந்தார். சாக்சனி மாநிலத்தில் பணிபுரிந்த வால்தர், சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்தவர். மூன்று பிள்ளைகளை வளர்த்தபடியே ஃபேனி கணவரின் ஆய்விலும் கைகொடுத்தார். உருப்பெருக்கியில் தெரிந்தவற்றைப் படமாக வரைந்து கொடுத்தார். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது.

1881-இல் வால்தர், ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, காற்றில் உள்ள கிருமிகளை ஆராயத் தொடங்கினார். அங்கே ஒரு பெரிய சிக்கல் இருந்தது.

திரவத்தில் வளரும் கிருமிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கெட்டியான பரப்பில் வளர்த்தால் ஒவ்வொரு கிருமியும் இருந்த இடத்திலேயே பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். அதனால் கோக் முதலில் வெட்டிய உருளைக்கிழங்கையும் பிறகு ஜெலட்டினையும் பயன்படுத்தினார். ஆனால் மனித உடலின் வெப்பமான 37 பாகை செல்சியசில் ஜெலட்டின் உருகிவிடும். கோடைக்காலத்திலும் அதே கதிதான். போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிடும். பல நாள் உழைப்பு ஒரே இரவில் வீணாகும்.

வீட்டில் ஃபேனி செய்யும் பலகாரம் மட்டும் கோடையிலும் உருகாமல் இருப்பதை வால்தர் கவனித்துக் காரணம் கேட்டார். ஃபேனி அகார்-அகாரைச் சுட்டிக்காட்டினார். அது ஏறக்குறைய 85 பாகைக்கு மேல்தான் உருகும். ஆறி, ஒருமுறை இறுகிவிட்டால் 37 பாகையில் பல நாள் வைத்தாலும் அசையாது. பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் முடியாது. வால்தர் சோதித்தார், பலித்தது. உடனே கோக்குக்குத் தெரிவித்தார்.

1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அகார் பற்றிய குறிப்பு வந்தது. ஹெஸ்ஸ தம்பதியரின் பெயர் வரவில்லை. 1887-இல் கோக்கின் உதவியாளர் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி, மூடியுள்ள வட்டக் கண்ணாடித் தட்டை அறிமுகப்படுத்தினார். அது இன்றும் பெட்ரி தட்டு என்றே அழைக்கப்படுகிறது.

கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அளக்கவும் இந்த அகார் தட்டு உதவுகிறது. வளரும் கிருமிக் கரைசலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு துளி எடுத்து, நீர்க்கச் செய்து, தட்டில் பரப்புவார்கள். மறுநாள் புள்ளிகளை எண்ணுவார்கள். ஒரு தட்டில் 30 முதல் 300 புள்ளிகள் வரை இருந்தால் கணக்கு நம்பத்தக்கது. அதைவிடக் கூடினால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் கணக்கு தவறிப்போகும். நல்ல சூழலில் ஈ.கோலை கிருமி சுமார் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்பதை இப்படி எண்ணியே சரிபார்க்கலாம். எண்ணும்வரை தட்டு உருகாமல் இருக்க வேண்டும். ஜெலட்டினால் முடியாததை அகார் செய்தது.

வால்தர் 1911-இல் மறைந்தார். ஃபேனி 1934-இல் டிரெஸ்டன் நகரில் தமது 84-ஆவது வயதில் காலமானார். இந்தக் கண்டுபிடிப்பால் அவர்கள் பணம் எதுவும் சம்பாதிக்கவில்லை. பிற்காலத்தில்தான் ஃபேனியின் பங்கு பரவலாகப் பேசப்பட்டது.

மருத்துவமனையில் சிறுநீரைச் சோதித்தாலும் உணவில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தாலும் தட்டில் ஊற்றப்படுவது பெரும்பாலும் அகார்தான். உலகெங்கும் அதற்கு வழங்கும் பெயரும் நம் வட்டார மலாய்ச் சொல்லே.