கிறீன் வைத்தியரும் குறுஞ்சொற்களும்

ஆங்கிலத்தில் நெடுஞ்சொற்கள் மாணவரை அச்சுறுத்தும், ஏமாற்றுவன குறுஞ்சொற்களே. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஓரிரு பொருளே இருக்கும். 'செட்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லோ, 1928 ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டுப் பேரகராதியில் வேறெந்தச் சொல்லும் பெறாத நீளத்தைப் பெற்றது. தமிழர்க்கு இது புதுமையன்று. ஓரெழுத்தொருமொழி 42 என நன்னூல் வரையறுத்தது. 'மா' என்னும் ஓரெழுத்தே மரமாகவும் விலங்காகவும் பெருமையாகவும் நிற்கும். இத்தகைய சொற்களுக்கென நிகண்டுகள் தனித் தொகுதியே வகுத்தன. ஒரு சொல் பல பொருள் தருவது மொழிக்குக் குறையன்று. இடமறிந்து பொருள் கொள்ளாமையே கற்பவர்க்குக் குறை.

இடமறிந்து பொருள் கொள்ளும் இக்கலையை உயிர்காக்கும் தொண்டாக்கிய ஒருவர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்தார். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர். அவர் பெயரை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நான், எங்கள் மலைப்புறத்தாரும் அவர் வரலாற்றை அறிதல் வேண்டும் என விழைகின்றேன்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையில் சிலகாலம் இருந்தபின், 1848 இல் மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, உள்ளூர் இளைஞரைக் கூட்டி மருத்துவமும் கற்பித்தார். முதலிற் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர்; ஊரிலே தங்கி ஏழைக்கு மருந்து கொடுப்பாரைக் காண்பது அரிதாயிற்று. தமிழிற் கற்றவனே தமிழரிடையே தங்குவான் எனக் கண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வழியென எண்ணியோர் இதனை விரும்பவில்லை. அவர் தம் கொள்கையை விடவில்லை.

பாடம் நடத்த நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். இங்கேதான் குறுஞ்சொற்கள் வழிமறித்தன. மனித உடலின் உறுப்புக்களை ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள். 'டெம்பிள்' என்றால் கோயில். உடல்நூலில் அது நெற்றிப்பொட்டு. 'பாம்' பனையுமாகும், உள்ளங்கையுமாகும். 'காஃப்' கன்றுக்குட்டி, கெண்டைக்காலும் அதுவே. 'நெயில்' ஆணியா, நகமா? 'செஸ்ட்' பெட்டியா, மார்பா? 'பல்ஸ்' பருப்பா, நாடியா? அகராதி இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தெரிந்தெடுப்பது மொழிபெயர்ப்பாளன் கடன். 'பியூப்பில்' மாணாக்கனையும் கண்மணியையும் குறிக்கும். கண்மணியைக் குறிக்கும் அச்சொல்லின் மூலமான இலத்தீன் சொல்லுக்குச் சிறு பாவை என்பது பொருள். தமிழரும் கண்மணியைப் பாவை என்றே வழங்கினர்! காதினுள் இருப்பதை ஆங்கிலேயர் 'டிரம்' என்றனர். நாம் செவிப்பறை என்றோம். உலகின் இருவேறு மூலைகளில் இருந்தோர் உடலை ஒரே கண்கொண்டு நோக்கியிருக்கின்றனர்.

கிறீன் வகுத்துக்கொண்ட நெறி எளியது. தமிழ் மருத்துவ நூல்களிலும் மக்கள் வழக்கிலும் சொல் உண்டாயின் அதனையே கொள்ளுதல். இல்லையாயின் வடமொழியை நாடுதல். அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இணக்கி எழுதுதல். இம்மூன்று வழியும் அவருடைய நூற்பெயர்களிலேயே தெரிகின்றன. 1867 இல் வந்த 'இரண வைத்தியம்', 1872 இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் வந்த 'கெமிஸ்தம்' ஆகியவற்றை நோக்குக. மாணாக்கர் துணையோடு அவர் ஆக்குவித்த நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டன. அவற்றுடன் கலைச்சொற்றொகுதிகளையும் வெளியிட்டார். அவரிடம் மருத்துவம் கற்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

அவர் உழைப்பின் அருமை தோட்டத்திலிருந்து பார்ப்பவர்க்கு நன்கு விளங்கும். எங்கள் பக்கத்தில் ஆங்கிலக் குறுஞ்சொற்கள் பள்ளிக்கூடத்தின் வழியாக வரவில்லை. துரைமார் வாயிலிருந்து ஒற்றைப் பொருளோடு வந்தன. 'லைன்' என்பது கோடு என்று அறியுமுன்பே அது 'லயம்' ஆகிக் குடியிருப்பைக் குறித்தது. 'ஸ்டோர்' கடையன்று, தேயிலைத் தொழிற்சாலை. ஆகையால் எங்கள் மாணவர் புத்தகத்தில் அதே சொல்லை வேறு பொருளிற் காணும்போது திகைக்கின்றனர். திகைப்பு வகுப்பறையோடு நின்றால் கேடில்லை. கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, தன் மொழி அறியாத மருத்துவர்முன் நின்று நெஞ்சு நோகிறது என்கிறாள். அந்நெஞ்சு மார்பா, இதயமா, இரைப்பையின் எரிவா, மனத்துயரா? தமிழிலும் குறுஞ்சொல் பலபொருட்டே. உடன் சென்ற பிள்ளை, அரைகுறையாகக் கற்ற ஒரு சொல்லால் அதனைப் பெயர்க்கின்றது. அச்சொல்லின்மேல் நிற்கிறது மருந்து. இந்த இடைவெளியை அடைக்கவே கிறீன் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

உடல்நலங் குன்றியதால் 1873 இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப்படிகளைப் பார்த்துத் திருத்தி அனுப்பிவந்தார். 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. 1884 மே 28 ஆம் நாள் வூஸ்டரில் காலமானார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்ற செய்தி, அவர் விருப்பப்படியே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. இதற்கிடையே 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. கிறீன் தமிழில் எழுப்பிய கல்வி காலப்போக்கில் ஓய்ந்தது. நூல்கள் நூலகங்களில் ஒடுங்கின.

மருத்துவம் பயில நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கத்தான் வேண்டும். ஆனால் 'பல்ஸ்' என்றதும் நாடியைத் தொடும் மாணவன், அந்த நாடியைத் தன் தாய்க்கு அவள் மொழியில் விளக்கவும் வல்லவனாதல் வேண்டும். அந்த வன்மையே கிறீன் வைத்தியர் தம் மாணாக்கரிடம் எதிர்பார்த்த தேர்ச்சி.