அர்ச். அகுஸ்தீனாரும் பாமரர் பாஷையும்

அர்ச். அகுஸ்தீனார் மனந்திரும்பிய வரலாற்றையும், அவர் தாயார் அர்ச். மோனிக்கம்மாள் சிந்திய கண்ணீரையும் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவர் எப்படிப் பிரசங்கித்தார் என்று கேட்டதுண்டோ?

354-ம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்த இவருக்குப் பேச்சுக்கலையே பிழைப்பாயிருந்தது. கார்த்தேஜ், உரோமை, மிலான் நகரங்களில் அதைக் கற்பித்தார். மிலானில் இராயனைப் புகழ்ந்து உரை தயாரித்தபோது, அதில் பொய் மலிந்திருந்ததை அவரே அறிந்திருந்தார். 387-ல் அர்ச். அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்று, 391-ல் குருவாகி, சில ஆண்டுகளில் ஹிப்போ நகரின் மேற்றிராணியாரானார்.

தேவநகரம் பற்றி அவர் இயற்றிய 22 புத்தகங்களில் வாக்கியங்கள் நீண்டு, அடுக்கடுக்காய்ச் செல்லும். கோவிலிலோ அவர் பேச்சு வேறு. பெரும்பாலும் எழுதிவைக்காமலே, ஜெபித்துச் சிந்தித்துவிட்டு வந்து பேசுவார், சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொள்வார்கள்.

ஒருநாள் சிறிய சங்கீதமொன்றைப் பாடச் சொல்லி, அதற்கே ஆயத்தமாய் வந்திருந்தார். வாசகரோ தடுமாறி வேறொரு நீண்ட சங்கீதத்தைப் பாடிவிட்டார். (அது அன்றைய எண்ணிக்கையில் 138, இப்போது 139.) அந்தத் தவறிலும் தேவசித்தம் உண்டென்று கருதிய அகுஸ்தீனார், ஆயத்தம் செய்ததை விட்டுவிட்டு, பாடியதற்கே விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

நடுவில் எலும்பு என்ற சொல் வந்தது. லத்தீனில் குறிலாய் 'ஒஸ்' என்றால் எலும்பு. நெடிலாய் 'ஓஸ்' என்றால் வாய். நமக்குக் குறில் நெடில் பால்குடி வித்தை. ஆப்பிரிக்கச் செவிகளுக்கோ அந்த வேற்றுமை பிடிபடாது. ஆகவே அவர் 'ஒஸ்ஸும்' என்ற கொச்சைச் சொல்லையே சொன்னார். இலக்கணப் பண்டிதர் பழித்தால் பழிக்கட்டும், ஜனங்களுக்கு விளங்காமற் போவதே நஷ்டம் என்பது அவர் தீர்மானம். இலக்கணம் கற்பித்து வாழ்ந்தவர் செய்த தியாகம் இது! குருமடத்தில் பிரசங்கக்கலை பயின்ற எங்களுக்குச் சற்றுக் கசப்பான மருந்துதான்.

மற்றொரு முறை, எடுத்த பொருளை விட்டு விலகி, மனிக்கேயப் பதிதத்தைக் கண்டித்துப் பேசிவிட்டார். பேச்சு ஏன் திசைமாறிற்று என்று அவருக்கே விளங்கவில்லை. ஓரிரு நாளில் பிர்முஸ் என்ற வியாபாரி கண்ணீருடன் வந்து, அவர் காலில் விழுந்தான். அந்தப் பதிதத்தில் பல ஆண்டுகள் பணத்தை இறைத்தவன் அவன். அந்தப் பேச்சே அவனை மீட்டது. பின்னாளில் அவன் குருவுமானான்.

முதுமையில் தம் நூல்களையெல்லாம் திருத்திப் பார்த்த அகுஸ்தீனார், பிரசங்கங்களையும் திருத்த எண்ணியிருந்தார். அதற்குள் வந்தாலர் சேனை ஹிப்போவை முற்றுகையிட்டிருக்க, 430 ஆகஸ்டு 28-ல் மரித்தார். 1990-ல் ஜெர்மனியிலுள்ள மைன்ஸ் நகரில் பழைய ஏடு ஒன்றில் அவருடைய பிரசங்கங்கள் மேலும் 26 அகப்பட்டன. திருத்தக் கை படாமல், அன்று வாயில் வந்த வார்த்தைகளோடே அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன.