சுதேசமித்திரன் கண்ட சுப்பிரமணிய ஐயர்

குற்றாலச் சாரலில்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புளியறைக்குச் செல்லும் சாலையில் ஆடித் திங்களில் ஒரு முறையேனும் சென்றவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். மேற்கே மலைத்தொடர் மேகம் போர்த்து நிற்கும். கணவாயின் வழியே வரும் காற்று, மழைத்துளிகளைப் பூந்தூவலாகச் சிதறும். அம்மலையின் அடிவாரத்திலேதான் குற்றாலம் இருக்கின்றது. அருவியில் நீராடி உடல்நலம் பெற விரும்புவோர் பன்னெடுங்காலமாக அங்கே வந்து தங்குகின்றனர்.

1908-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்வாறு தங்கியிருந்தோருள் முதியவர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்து மூன்றே; ஆயினும் கொடிய தோல்நோயும் ஓயாத உழைப்பும் அவரை மிகவும் தளர்வித்திருந்தன. புளியறையும் செங்கோட்டையும் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசரின் ஆட்சியில் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் அவை தமிழ் மாநிலத்தோடு இணைந்தன. குற்றாலமோ ஆங்கிலேயர் நேராக ஆண்ட திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஆங்கில அரசின் காவலர் வந்து, நோயுற்றிருந்த அப்பெரியவரைச் சிறைப்படுத்தினர். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் இராசத்துரோகம். அவர் செய்ததோ பத்திரிகையில் எழுதியதுதான். அவரே சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

எழுத்தைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்ச வேண்டும்? இதற்கு விடை காண அவருடைய வாழ்க்கையை நாம் அறிதல் வேண்டும்.

இளமையும் ஆசிரியப் பணியும்

சுப்பிரமணிய ஐயர் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855-ஆம் ஆண்டு பிறந்தார். தஞ்சையில் கல்வி பயின்றபின் சென்னைக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளியில் கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்துத் தேறி, 1877-இல் பி. ஏ. பட்டம் பெற்றார்.

அந்நாட்களில்தான் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். நாட்டின் வருவாய் எவ்வளவு, அஃது எங்கே செல்கின்றது, உழுதவன் ஏன் பட்டினி கிடக்கின்றான் என்னும் கேள்விகள் கற்றறிந்த இளைஞர் உள்ளத்தில் எழுந்தன. ஆனால், அவற்றை வெளிப்படையாகக் கேட்பதற்குச் சென்னை மக்கள் கையில் வலிமை வாய்ந்த பத்திரிகை ஒன்றும் இல்லை. பெயர்பெற்ற ஆங்கில இதழ்கள் பெரும்பாலும் ஆளும் இனத்தாரின் குரலாகவே ஒலித்தன.

அறுவர் தொடங்கிய இதழ்

1878-ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. வெள்ளையர் நடத்திய இதழ்கள் அந்நியமனத்தைக் குறைகூறி எழுதின. அதற்குத் தக்க விடை கூற வேண்டுமென்று திருவல்லிக்கேணியைச் சேர்ந்த இளைஞர் அறுவர் துணிந்தனர். அவர்களுள் சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாசாரியாரும் ஆசிரியர்கள்; மற்ற நால்வர் சட்டம் பயின்ற மாணவர்கள்.

அவர்களிடம் கல்வி இருந்தது; ஊக்கம் இருந்தது; பொருள் மட்டும் இல்லை. ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் 'இந்து' என்னும் ஆங்கில வார இதழை வெளியிட்டனர். சுப்பிரமணிய ஐயர் அதன் ஆசிரியரானார். வாரம் ஒருமுறை வந்த அவ்விதழ் 1883-இல் வாரம் மும்முறையாகவும், 1889-இல் நாளிதழாகவும் வளர்ந்தது.

எழுதுவதோடு அவர் நின்றாரல்லர். 1884-இல் சென்னை மகாஜன சபை தோன்றுவதற்குத் துணைநின்றார். 1885 டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசு முதன்முறையாகக் கூடியபோது, எழுபத்திரண்டு பேராளர்கள் நடுவே எழுந்து, அப்பேரவையின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. இந்திய ஆட்சி நடைபெறும் முறையை ஆராய அரசாங்க விசாரணைக்குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் கருத்து. இந்தியாவின் செலவினங்களை ஆராயும் பொருட்டு வெல்பி பிரபுவின் தலைமையில் பின்னர் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன்முன் சான்று கூற 1897-இல் இங்கிலாந்து சென்ற இந்தியருள் அவரும் ஒருவர். வெற்று முழக்கத்தை அவர் நம்பவில்லை. வரியையும் செலவையும் வாணிகத்தையும் கணக்கிட்டு ஆராய்ந்தே பேசினார். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1903-இல் வெளிவந்தது.

தமிழில் பிறந்த நண்பன்

ஆங்கிலம் அறிந்தோர் நாட்டில் மிகச் சிலர். அவர்களுக்கு மட்டும் எழுதினால் ஆட்சியாளர் அறிவர், ஆளப்படுவோர் அறியார். இக்குறையைச் சுப்பிரமணிய ஐயர் நன்குணர்ந்தார். எனவே, 1882-ஆம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். தன்னாட்டின் நண்பன் என்பது அப்பெயரின் பொருள்.

அது எளிய செயலன்று. அரசியலையும் பொருளாதாரத்தையும் எடுத்துரைப்பதற்குரிய தமிழ்ச் சொற்கள் அந்நாளில் நிலைபெறவில்லை. படிக்கத் தெரிந்தவரும் குறைவு; நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறியாதவராயிருந்தனர். ஆயினும், ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்தால் பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்கலாமன்றோ? 1898-இல் 'இந்து'வை விட்டு விலகிய ஐயர், தம் ஆற்றல் முழுவதையும் சுதேசமித்திரனுக்கே அளித்தார். 1899-இல் அது நாளிதழாயிற்று. நாள்தோறும் உலகச் செய்தியும் நாட்டு நடப்பும் தாய்மொழியிலேயே தமிழரின் வீட்டு வாயிலுக்கு வந்தன.

1904-இல் மதுரையில் ஆசிரியராயிருந்த ஓர் இளங்கவிஞரைச் சென்னைக்கு வருவித்து, அவர் தம் இதழில் துணையாசிரியராக அமர்த்திக்கொண்டார். அவ்விளைஞரே பாரதியார். இதழ்த் தொழிலில் அவர் பயிற்சி பெற்ற முதற் களம் சுதேசமித்திரனே.

இல்லத்தில் தொடங்கிய சீர்திருத்தம்

ஊருக்கு உபதேசம் செய்வோர் பலர். அதனைத் தம் வீட்டில் நடத்திக் காட்டுவோர் சிலரே. கைம்பெண் மறுமணத்தை ஆதரித்து எழுதிய ஐயருக்கு ஒரு சோதனை வந்தது. அவருடைய மகள் இளம் வயதிலேயே கணவனை இழந்தாள். சுற்றத்தார் பகைப்பர், சாதியார் விலக்கிவைப்பர் என்பதை அறிந்தும் அவர் தயங்கவில்லை. 1889-இல் காங்கிரசு பம்பாயில் கூடிய காலத்து, அந்நகரிலேயே மகளுக்கு மறுமணம் செய்வித்தார். அதனால் நேர்ந்த ஒதுக்கலையும் தனிமையையும் பல்லாண்டுகள் பொறுத்துக்கொண்டார். எழுத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே பிளவு இருத்தலாகாது என்பதே அவர் கொண்ட நெறி.

சிறையும் இறுதிக் காலமும்

1908-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் கொந்தளிப்பு மிகுந்திருந்தது. மார்ச்சுத் திங்களில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார், மக்கள் வெகுண்டெழுந்தனர். சூலையில் அவருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அரசின் அடக்குமுறை பத்திரிகைகளின்மேலும் பாய்ந்தது. குற்றாலத்தில் நிகழ்ந்த கைது அதன் ஒரு பகுதியே.

நோய் முற்றியிருந்த நிலையில் சிறைவாழ்வை அவர் உடல் தாங்கவில்லை. இனி அத்தகைய எழுத்துக்கு இடந்தருவதில்லை என்று அரசுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்து அவர் வெளிவந்தார். இதனை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது. ஆயினும், நோய்ப்படுக்கையில் இட்ட ஒரு கையெழுத்தைக் கொண்டே அவரை அளப்பது முறையுமாகாது. அதற்கு முன் முப்பது ஆண்டுகள் அவர் ஓயாது எழுதியவற்றையும் சேர்த்தே எடை போடுதல் வேண்டும்.

1915-இல் சுதேசமித்திரனின் பொறுப்பு அ. ரங்கசாமி ஐயங்காரிடம் சென்றது. அடுத்த ஆண்டு, 1916 ஏப்பிரல் 18-ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் இயற்கை எய்தினார். அவர் வளர்த்த இதழ் அவருக்குப் பின்னும் பல்லாண்டுகள் தமிழரிடையே உலவிப் பின்னர் மறைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

மாணவர்களே, முன்பு நாம் எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது விடை கிடைத்துவிட்டது. கற்றவர் ஆராய்ந்து கண்ட உண்மை, கல்லாதாரும் கேட்டு உணரும் மொழியில் வெளிவருமானால், குடிமக்கள் தம்மை ஆள்வோரைக் கணக்குக் கேட்கத் தொடங்குவர். அதனை எண்ணியே அன்றைய அரசு அஞ்சிற்று. குற்றாலமும் புளியறையும் இன்று ஒரே தென்காசி மாவட்டத்தில் அடங்கும். அங்கே அருவியைக் காணச் செல்லும் நாளில், அதன் சாரலில் தளர்ந்த உடலோடு காவலரைப் பின்தொடர்ந்து சென்ற அப்பத்திரிகையாசிரியரையும் சற்றே நினைத்துக்கொள்வோமாக. செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அது மெய்யா என்று ஆராய்வதும், மெய்யெனக் கண்டதைப் பிறர்க்கு விளங்கச் சொல்வதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.