பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் படித்தார். காவிரிக்கு அணை கட்டினார்

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கிறது. அது காவிரியின் கிளை ஆறு.

காவிரி குடகு மலையில் பிறக்கிறது. மைசூர்ச் சீமையைக் கடக்கிறது. மேட்டூரில் தேங்குகிறது. கல்லணையில் பிரிகிறது. தஞ்சை வயல்களை எல்லாம் நனைத்துவிட்டு, மிஞ்சிய தண்ணீர்தான் காரைக்காலுக்கு வந்து சேர்கிறது.

கடைமடை உழவன் தலைமடையைப் பார்த்துத்தான் வாழவேண்டும். காவிரியின் தலைமடையில் நிற்கும் பெரிய அணை கிருஷ்ணராஜ சாகரம். அந்த அணையை எழுப்ப முன்நின்றவர் என்ஜினீயர் விசுவேசுவரய்யா.

பாரத ரத்னா பட்டம் பெற்ற அந்த மேதை, மாணவராக இருந்தபோது அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தவர்!

தந்தையை இழந்த சிறுவன்

மைசூர் ராஜ்யத்தில், சிக்கபல்லாபூருக்கு அருகே முத்தேனஹள்ளி என்ற சிற்றூர் இருந்தது. அங்கே செப்டம்பர் 15-ந் தேதி விசுவேசுவரய்யா பிறந்தார். முன்னோர்களின் ஊர் ஆந்திர நாட்டில் உள்ள மோட்சகுண்டம். தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர். வீட்டில் படிப்பு இருந்தது, பணம் இல்லை.

சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய் வெங்கடலட்சுமி அம்மாள் மனம் தளரவில்லை. மகனை எப்படியும் படிக்கவைத்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டார். பெங்களூரில் இருந்த தாய்மாமன் கை கொடுத்தார்.

பெங்களூர் சென்டிரல் கல்லூரியில் விசுவேசுவரய்யா சேர்ந்தார். செலவுக்கு என்ன செய்வது? வசதியுள்ள ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதில் கிடைத்ததைக் கொண்டு தாமும் படித்தார். கணக்கில் அவர் புலி. கல்லூரி முதல்வரே அவருடைய திறமையைக் கண்டு மெச்சினார்.

அந்தக் காலத்தில் சென்டிரல் கல்லூரி, சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தது. 1881-ல் அவர் பி.ஏ. பரீட்சையில் தேறினார்.

உபகாரச் சம்பளம்

என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குப் பூனா விஞ்ஞானக் கல்லூரிக்குப் போகவேண்டும். ரெயில் கட்டணம், சாப்பாடு, புத்தகம், தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

மைசூர் அரசாங்கம் உதவியது. உபகாரச் சம்பளம் கொடுத்து அவரைப் பூனாவுக்கு அனுப்பியது. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் ரங்காசார்லு. அவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த தமிழ்நாட்டுக்காரர்.

கட்டட என்ஜினீயரிங் எளிதான படிப்பு அல்ல. நிலத்தை அளக்கவேண்டும். மண் எவ்வளவு பாரம் தாங்கும், கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறியவேண்டும். ஓடும் தண்ணீரின் வேகத்தைக் கணக்கிடவேண்டும். கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால், பல ஆண்டுகள் கழித்துக்கூட ஒரு பாலம் விழலாம். ஓர் ஊர் அழியலாம்.

விசுவேசுவரய்யா இரவு பகலாகப் படித்தார். 1883-ல் எல்.சி.இ. பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். ஜேம்ஸ் பெர்க்லி பரிசும் பெற்றார். மறு ஆண்டே பம்பாய் அரசாங்கத்தின் மராமத்து இலாகாவில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது.

தானே திறக்கும் கதவு

சிந்து நதிக்கரையில் சுக்கூர் என்ற நகரம் இருக்கிறது. இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. அங்கே ஆற்றுத் தண்ணீர் ஒரே கலங்கல். அதை எப்படிக் குடிப்பது? விசுவேசுவரய்யா ஆற்றுப் படுகையிலேயே கிணறு எடுத்தார். மணலில் ஊறி வந்த நீர் தெளிந்து வந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த வித்தை புதிது அல்ல. அதை ஒரு நகரத்துக்கே பயன்படுத்தியதுதான் அவருடைய சாமர்த்தியம்.

பூனா நகருக்குக் கடக்வாசலா ஏரியில் இருந்து தண்ணீர் வந்தது. அது போதவில்லை. அணையை உயர்த்தினால் செலவு அதிகம். அவர் ஒரு புது மாதிரிக் கதவைக் கண்டுபிடித்தார். அணையை உயர்த்தாமலே, சுமார் 8 அடி உயரத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் தேக்க அது உதவியது. வெள்ளம் அளவுக்கு மேல் ஏறினால் கதவு தானே திறக்கும். வெள்ளம் வடிந்தால் தானே மூடிக்கொள்ளும். காவலாள் ஓடிவந்து திருகவேண்டியது இல்லை. 1903-ல் அங்கே இந்தக் கதவுகள் அமைந்தன.

1908-ல் மூசி நதி பெருக்கெடுத்து ஐதராபாத்தை அழித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த நகரைக் காக்க வழி சொல்லும்படி விசுவேசுவரய்யாவை அழைத்தார்கள். வெள்ளத்தை ஊருக்கு மேலேயே தேக்கி நிறுத்தவேண்டும் என்று அவர் திட்டம் கொடுத்தார். உஸ்மான் சாகர், இமாயத் சாகர் என்ற இரண்டு ஏரிகள் அதன்படி உருவானவை.

கண்ணம்பாடி அணை

1909-ல் மைசூர் அரசாங்கத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார். படிக்கப் பணம் கொடுத்த ராஜ்யத்துக்கே பணி செய்யத் திரும்பி வந்தார்.

காவிரியில் கண்ணம்பாடி என்ற இடத்தில் அணை கட்டத் திட்டம் போட்டார். மண்டியா வட்டாரத்து வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும். சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்க ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும். அந்த மின்சாரத்தால்தான் கோலார் தங்கச் சுரங்கம் ஓடியது.

இவ்வளவு பெரிய செலவா என்று பலர் தயங்கினார்கள். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சம்மதித்தார். 1911-ல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தால் கல் அணை எழுந்தது. பழைய கண்ணம்பாடி ஊர் நீரில் மூழ்கியது. ஊரார் வீடு வாசலை விட்டுப் போகவேண்டி வந்தது.

தமிழ்நாட்டிலோ கவலை பிறந்தது. மேலே தேக்கினால் கீழே தண்ணீர் வருமா? சென்னை அரசாங்கம் ஆட்சேபித்தது. வழக்கு நடுவரிடம் போனது. கடைசியில் 1924-ல் மைசூரும் சென்னையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு தமிழ்நாட்டில் மேட்டூர் அணை எழுந்து, 1934-ல் முடிந்தது.

அந்த ஒப்பந்தத்தில் காரைக்காலுக்கு இடம் இல்லை. அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954-ல் காரைக்கால் இந்தியாவோடு இணைந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்ன தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. தண்ணீர் கிடைத்தது. அது காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தப் பங்கைக் குறைக்கவில்லை.

ஆம்! என்ஜினீயர் போடும் ஒரு கோடு, பல மைல்களுக்கு அப்பால் இருக்கும் உழவனின் உலையையும் தொடுகிறது.

திவான் பதவி

1912-ல் விசுவேசுவரய்யா மைசூர் திவான் ஆனார். 1916-ல் மைசூர்ப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1917-ல் பெங்களூரில் என்ஜினீயரிங் கல்லூரி தொடங்கியது. அதுவரை என்ஜினீயரிங் படிக்க மைசூர்ப் பிள்ளைகள் பூனாவுக்கும் சென்னைக்கும் போகவேண்டியிருந்தது. தாம் பட்ட கஷ்டத்தை அடுத்த தலைமுறை படக்கூடாது என்ற வகையில் அது பெரிய காரியம்.

ஆனால் எல்லா விஷயத்திலும் ஊர் அவரோடு ஒத்துப்போகவில்லை. பிற்பட்ட வகுப்பினருக்கு அரசாங்க உத்தியோகத்தில் இடம் ஒதுக்க மகாராஜா விரும்பினார். திறமை ஒன்றையே பார்க்கவேண்டும் என்பது விசுவேசுவரய்யாவின் கட்சி. கருத்து வேற்றுமை முற்றியது. 1918-ல் திவான் பதவியை விட்டு விலகினார். பின்னர் மைசூர் அரசு அந்த ஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உதவி இல்லாமல் திறமை மட்டும் கரை சேராது என்பதற்கு, உபகாரச் சம்பளத்தில் படித்த அவருடைய வாழ்க்கையே ஒரு சாட்சி அல்லவா?

நூறு வயது

1955-ல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் வழங்கப்பட்டது. 1960 செப்டம்பர் 15-ந் தேதி அவருடைய நூற்றாண்டு விழா நடந்தது. அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது. 1962 ஏப்ரலில் அவர் காலமானார். செப்டம்பர் 15-ந் தேதி இந்தியா எங்கும் என்ஜினீயர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கட்டட என்ஜினீயரிங் படிக்க, காவிரிக் கடைமடையின் பிள்ளைகள் பூனா வரை போகவேண்டியது இல்லை. வீட்டில் பணம் இல்லையே என்று படிப்பை விட நினைக்கும் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், முத்தேனஹள்ளிச் சிறுவனை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கை கொடுக்கத் தாயும், தாய்மாமனும், அரசாங்கமும் முன்வரவேண்டும்.